பாடகர் படிக்கப் போனால் இசைக்குழு என்ன ஆகும்?

வாசகர் கேள்வி – பதில்

சென்ற இதழின் இசைப் பக்கத்தில், கலிஃபோர்னியாவைச் சேர்ந்த டிசென்டென்ட்ஸ் என்ற பங்க் ராக் குழு 1982-இல் வெளியிட்ட முதல் முழு ஆல்பத்தைப் பற்றி ஒரு சிறு குறிப்பு எழுதியிருந்தேன். 'மைலோ கல்லூரிக்குப் போகிறான்' என்ற பொருளில் தன் பாடகரின் பிரிவையே தலைப்பாக வைத்து வெளிவந்த ஆல்பம் அது. அந்தக் குறிப்பைப் படித்த வாசகர்கள் அனுப்பிய கேள்விகள், புகழ் வெளிச்சத்துக்கு வெளியே இயங்கும் ஒரு குழு எப்படிப் பிறக்கிறது, எதைக்கொண்டு பிழைக்கிறது, எதனால் உடைகிறது என்பதையெல்லாம் தொட்டுச் செல்வதால், இம்முறை பகுதி முழுவதையும் அவற்றுக்கே ஒதுக்கியிருக்கிறேன்.

கேள்வி: பங்க் என்றாலே கூச்சலும் கோபமும்தான் என்று நினைத்திருந்தேன். அதில் 'மெலோடிக் பங்க்' என்று ஒரு பிரிவு எப்படி இருக்க முடியும்?

பதில்: பங்க் இசையில் மெட்டு தொடக்கத்திலிருந்தே இருந்தது. நியூயார்க்கின் ராமோன்ஸ் குழு 1976-இல் வெளியிட்ட முதல் ஆல்பத்தில் வேகத்தையும் இரைச்சலையும் நீக்கிவிட்டுக் கேட்டால், 1960களின் பாப் பாடல்களை நினைவூட்டும் எளிய, இனிய மெட்டுகள் மிஞ்சும். அதே காலத்தில் இங்கிலாந்தின் மான்செஸ்டரில் பஸ்காக்ஸ் குழுவினர் அரசியல் முழக்கங்களை விட்டுவிட்டுக் காதலின் தவிப்பையும் தோல்வியையும் பாடினார்கள். 1980களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் ஹார்ட்கோர் என்ற கடுமையான வடிவம் பரவியபோது வேகம் கூடியது, மெட்டு சுருங்கியது. அந்த வேகத்தைக் கைவிடாமலே மெட்டை மீட்டுக்கொண்டு வந்த குழுக்களின் இசையைத்தான் மெலோடிக் பங்க் என்கிறோம்.

இதன் உள்ளமைப்பைப் புரிந்துகொண்டால் கேட்கும் இன்பம் கூடும். இந்த இசையில் கிட்டார் பெரும்பாலும் 'பவர் கார்டு' எனப்படும் இரண்டு ஸ்வரக் கூட்டையே வாசிக்கிறது: ஆதார ஸ்வரமும் அதன் பஞ்சமமும். கிட்டாரின் ஒலியை மின்கருவியால் முறுக்கிக் கரகரப்பாக்கும்போது, இடையில் காந்தாரத்தையும் சேர்த்து வாசித்தால் ஸ்வரங்கள் ஒன்றோடொன்று மோதிக் குழம்பிவிடும் என்பதால் அதை விட்டுவிடுகிறார்கள். ஆனால் ஒரு கார்டு மகிழ்ச்சியாக ஒலிக்கிறதா சோகமாக ஒலிக்கிறதா என்பதைத் தீர்மானிப்பதே அந்தக் காந்தாரம்தான். கிட்டார் காலியாக விட்டுவைத்த அந்த இடத்தில் பாடகரின் குரலும் பேஸ் கிட்டாரும் வந்து அமர்கின்றன. எனவே இரைச்சலுக்கு நடுவே பாடலின் மனநிலையைத் தாங்கும் பொறுப்பு பெரும்பாலும் மனிதக் குரலின்மேல் விழுகிறது. லாஸ் ஏஞ்சலிஸின் பேட் ரிலிஜன் குழு 1988-இல் வெளியிட்ட 'சஃபர்' ஆல்பத்தில், பின்னணியில் இரண்டு மூன்று குரல்கள் அடுக்கடுக்காக எழுந்து வருவதைக் கவனித்தால் நான் சொல்வது காதிலேயே விளங்கிவிடும்.

கேள்வி: பாடகர் படிக்கப் போய்விட்டார் என்று எழுதியிருந்தீர்கள். பாடகரே இல்லாமல் டிசென்டென்ட்ஸ் எப்படி இத்தனை ஆண்டுகள் நீடித்தது? முழுக் கதையையும் சொல்ல முடியுமா?

பதில்: அவசியம் சொல்கிறேன், ஏனென்றால் ஒரு அண்டர்கிரவுண்ட் குழுவின், அதாவது புகழ் வெளிச்சத்துக்கு வெளியே இயங்கும் குழுவின், வாழ்க்கை எப்படி அமையலாம் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

லாஸ் ஏஞ்சலிஸுக்குத் தென்மேற்கே உள்ள கடலோர ஊர்களில், 1970களின் இறுதியில், கிட்டார் வாசித்த ஃபிராங்க் நவெட்டா, பேஸ் வாசித்த டோனி லொம்பார்டோ, டிரம்ஸ் வாசித்த பில் ஸ்டீவன்சன் ஆகிய மூவரும் ஒன்றுசேர்ந்தார்கள். நவெட்டாவும் ஸ்டீவன்சனும் பள்ளிப் பிள்ளைகள். லொம்பார்டோ அவர்களைவிட வயதில் மிகவும் மூத்தவர். 1979-இல் இரண்டு பாடல்கள் கொண்ட ஒரு சிறு இசைத்தட்டை வெளியிட்டார்கள். 1980-இல் ஸ்டீவன்சனின் பள்ளித் தோழரான மைலோ ஆக்கர்மன் பாடகராகச் சேர்ந்தார். மூக்குக்கண்ணாடி அணிந்த, படிப்பில் ஆர்வமுள்ள, மேடைக்குப் பொருந்தாதவர்போலத் தோன்றிய அந்த இளைஞரின் குரலில் குழுவுக்கு அதன் உருவம் கிடைத்தது. பெண்களால் நிராகரிக்கப்படுவது, பெற்றோரிடம் கோபம், காப்பி, மீன்பிடித்தல் என்று தங்கள் அன்றாட வாழ்விலிருந்து எதையெல்லாம் எடுக்க முடியுமோ அதையெல்லாம் பாட்டாக்கினார்கள்.

1982-இல் வந்த முதல் ஆல்பத்தில் 15 பாடல்கள். எல்லாம் சேர்ந்து ஏறத்தாழ 22 நிமிடங்கள். மினிட்மென் என்ற மற்றொரு பங்க் குழுவினர் நடத்திய நியூ அலையன்ஸ் என்ற சிறு நிறுவனம் அதை வெளியிட்டது. அட்டையில் மைலோவின் கேலிச்சித்திரம்: கண்ணாடி, கழுத்தில் டை. அந்தச் சித்திரம் இன்றுவரை குழுவின் அடையாளமாக இருக்கிறது. ஆல்பம் வெளிவந்த காலத்தில் மைலோ உயிரியல் படிக்கச் சென்றுவிட்டார். யாரும் அவரைத் துரோகி என்று சொல்லவில்லை. தாங்களே அதை ஆல்பத்தின் தலைப்பாக்கி, கேட்பவர்களிடம் அவரை வழியனுப்பி வைத்தார்கள். அவர் இல்லாத காலத்தில் ஸ்டீவன்சன் பிளாக் ஃபிளாக் என்ற ஹார்ட்கோர் குழுவில் டிரம்ஸ் வாசித்தார். ஓய்வின்றி நாடு சுற்றுவதும் விடாமல் பயிற்சி செய்வதும் எப்படி என்பதை அங்கே கற்றுக்கொண்டார்.

1985-இல் மைலோ திரும்பினார். இரண்டாவது ஆல்பம் வந்தது. அதற்குள் நவெட்டா இசையை விட்டு ஓரிகன் மாநிலத்துக்குப் போய் மீன்பிடித் தொழிலில் இறங்கியிருந்தார். சுற்றுப்பயணத்தில் விருப்பமில்லாத லொம்பார்டோவும் விலகினார். பிறகு சால்ட் லேக் சிட்டியிலிருந்து பேஸ் வாசிக்க கார்ல் அல்வாரெஸும் கிட்டார் வாசிக்க ஸ்டீஃபன் எகர்டனும் வந்து சேர்ந்தார்கள். அந்த நால்வர்தான் இன்றைய டிசென்டென்ட்ஸ். ஆனால் 1987-இல் ஒரு ஆல்பத்தையும் சுற்றுப்பயணத்தையும் முடித்த கையோடு மைலோ மறுபடியும் விலகினார், இம்முறை முனைவர் பட்டத்துக்காக.

இங்கேதான் அவர்கள் எடுத்த முடிவு என்னை மிகவும் கவர்கிறது. எஞ்சிய மூவரும் அதே பெயரில் வேறொரு பாடகரை நிறுத்தியிருக்கலாம். கச்சேரி ஏற்பாட்டாளர்களிடம் பழைய பெயருக்கு இருந்த மதிப்பை அப்படியே பயன்படுத்தியிருக்கலாம். அவர்கள் அதைச் செய்யவில்லை. 'ஆல்' என்று பெயரை மாற்றிக்கொண்டு, புதிய பாடகருடன், அறிமுகமில்லாத குழுவாக அடிமட்டத்திலிருந்து தொடங்கினார்கள். அடுத்த சில ஆண்டுகளில் அந்தக் குழுவுக்கு மூன்று பாடகர்கள் மாறினார்கள். ஆல்பங்கள் வரிசையாக வந்தன. டிசென்டென்ட்ஸ் என்ற பெயரை மைலோவுக்காகப் பூட்டி வைத்தார்கள் என்றே சொல்ல வேண்டும். 1996-இல் மைலோ திரும்பியபோது அந்தக் கதவைத் திறக்க எந்தச் சண்டையும் தேவைப்படவில்லை. அதே மூவர் அதே இடத்தில் இருந்தார்கள். அந்த ஆண்டு வெளிவந்த 'எவ்ரிதிங் சக்ஸ்' அவர்களின் மிகச் சிறந்த ஆல்பங்களில் ஒன்று என்பது என் கருத்து.

பிறகும் மைலோ ஆய்வுக்கூடத்துக்கே போனார். டெலவேர் மாநிலத்தில் டுபான்ட் நிறுவனத்தில் தாவர ஆராய்ச்சியாளராகப் பல ஆண்டுகள் வேலை பார்த்தார். 2004-இல் ஒரு ஆல்பம், 2016-இல் அடுத்தது. முழு ஆல்பங்களுக்கு நடுவே ஒன்பது, எட்டு, பன்னிரண்டு ஆண்டுகள் என்று இடைவெளி விழுந்திருக்கிறது. பெரிய நிறுவனத்தின் ஒப்பந்தத்தில் இருக்கும் எந்தக் குழுவுக்கும் இத்தகைய இடைவெளி கனவிலும் வாய்க்காது. 2010-இல் ஸ்டீவன்சனின் மூளையில் இருந்த ஒரு பெரிய கட்டி அறுவை சிகிச்சையால் அகற்றப்பட்டது. அவர் உடல்நலம் தேறிய அதே ஆண்டில் குழு மறுபடியும் மேடையேறியது. மைலோ வேலையை விட்டு முழுநேர இசைக்கு வந்தது ஐம்பது வயதைத் தாண்டிய பிறகுதான்.

பாடகர் இல்லாமல் குழு எப்படி நீடித்தது என்று கேட்டீர்கள். பாடகர் போவதைக் குழுவின் முடிவாக அவர்கள் ஒருபோதும் கருதவில்லை என்பதே என் பதில். போவதற்கு உரிமை இருந்ததால் திரும்பி வருவதற்கும் வழி இருந்தது.

கேள்வி: பத்து ஆண்டுகளுக்கு ஒரு ஆல்பம் என்றால் சாப்பாட்டுக்கு என்ன செய்தார்கள்? இத்தகைய குழுக்களுக்கு வருமானம் எங்கிருந்து வருகிறது?

பதில்: பெரும்பாலும் வருமானம் வருவதில்லை, செலவு மிகக் குறைவாக இருப்பதால்தான் அவர்களால் இயங்க முடிகிறது. இந்த வழிமுறையின் வேர் 1977 ஜனவரியில் பஸ்காக்ஸ் குழு வெளியிட்ட நான்கு பாடல் இசைத்தட்டில் இருக்கிறது. எந்த நிறுவனத்தையும் நாடாமல், நண்பர்களிடமும் உறவினரிடமும் கடன் வாங்கிய சுமார் 500 பவுண்டில், தாங்களே பதிவுசெய்து முதலில் 1,000 பிரதிகள் அச்சடித்தார்கள். அது பிறகு பல்லாயிரக்கணக்கில் விற்றது. ஒரு இசைத்தட்டை உருவாக்க உண்மையில் எவ்வளவு செலவாகிறது என்ற இரகசியம் அன்று உடைந்தது என்றே சொல்லலாம். அதன் பிறகு சிறு நிறுவனங்கள் எங்கும் முளைத்தன. வாஷிங்டனில் டிஸ்கார்ட், லாஸ் ஏஞ்சலிஸில் எபிடாஃப், சான் ஃபிரான்சிஸ்கோவைச் சுற்றியுள்ள பே ஏரியாவில் லுக்அவுட் என்று பலவற்றை இசைக்கலைஞர்களே தொடங்கினார்கள். மினியாபொலிஸ் பகுதியின் ஹுஸ்கர் டூ என்ற மூவர் குழு 1984-இல் வெளியிட்ட இரட்டை ஆல்பமான 'ஜென் ஆர்கேட்', சில நாள் உழைப்பில் சுமார் 3,200 டாலர் செலவில் பதிவானது.

வருமானத்தின் மறுபாதி சுற்றுப்பயணம். ஒரு பழைய வேன், அதன் பின்புறத்தில் கருவிகள், இரவில் அந்த ஊர் ரசிகர் ஒருவரின் வீட்டுத் தரையில் படுக்கை, கச்சேரி முடிந்ததும் மேசை போட்டு விற்கும் டி-ஷர்ட்டுகளும் இசைத்தட்டுகளும் என்பதே பொதுவான முறை. நுழைவுக் கட்டணத்தில் கிடைக்கும் பங்கு பல நேரங்களில் பெட்ரோலுக்கே சரியாகப் போய்விடும். டி-ஷர்ட் விற்ற பணத்தில்தான் அடுத்த ஊருக்குப் போகிறார்கள். எனவேதான் எந்தச் சிறு குழுவின் ரசிகராக இருந்தாலும், கச்சேரியில் ஒரு சட்டை வாங்குவது அவர்களுக்குச் செய்யக்கூடிய நேரடியான உதவி என்று நான் திரும்பத் திரும்பச் சொல்கிறேன்.

டிசென்டென்ட்ஸ் குழுவினர் இதற்கும் ஒரு படி மேலே போனார்கள். 'ஆல்' குழுவாக இருந்தபோது, 1994-இல், கொலராடோ மாநிலத்தின் ஃபோர்ட் காலின்ஸ் நகரில் 'பிளாஸ்டிங் ரூம்' என்ற ஒலிப்பதிவுக்கூடத்தை அவர்களே உருவாக்கினார்கள். ரைஸ் அகெய்ன்ஸ்ட் உட்படப் பல குழுக்கள் அங்கே வந்து பதிவுசெய்தன; ஸ்டீவன்சன் தேடப்படும் தயாரிப்பாளர் ஆனார். குழு உறங்கிய ஆண்டுகளிலும் அவருடைய கை இசையை விட்டு விலகவில்லை, வீட்டில் அடுப்பும் எரிந்தது. ஒரு குழு தன் வாழ்நாளில் செய்யக்கூடிய மிகப் புத்திசாலித்தனமான முதலீடு இதுவே என்று கருதுகிறேன்.

கேள்வி: அப்படியானால் பெரிய நிறுவனத்தோடு ஒப்பந்தம் செய்துகொள்வதில் என்ன தவறு? நல்ல பணம் கிடைக்குமே? ரசிகர்கள் ஏன் அதைத் துரோகம் என்கிறார்கள்?

பதில்: முதலில் பணத்தைப் பார்ப்போம். நிறுவனம் தரும் முன்பணம் பரிசு அல்ல. ஒலிப்பதிவு, சுற்றுப்பயண ஆதரவு, விளம்பரத்தின் ஒரு பகுதி ஆகியவற்றின் செலவு குழுவின் கணக்கில் எழுதப்பட்டு, ராயல்டியிலிருந்து, அதாவது விற்பனையில் குழுவுக்குச் சேரும் பங்கிலிருந்து, கழிக்கப்படும். அந்தக் கடன் தீரும்வரை குழுவுக்கு ஒரு காசும் வராது. ஒலிப்பதிவாளர் ஸ்டீவ் அல்பினி 1993-இல் எழுதிய ஒரு புகழ்பெற்ற கட்டுரையில், 2,50,000 டாலர் முன்பணம் வாங்கி, 2,50,000 பிரதிகள் விற்ற ஒரு கற்பனைக் குழுவின் வரவுசெலவை வரிவரியாகப் போட்டுக் காட்டினார். இறுதியில் ஒவ்வோர் உறுப்பினர் கைக்கும் வந்தது ஏறத்தாழ 4,000 டாலர்தான். அதைவிட முக்கியமானது உரிமை: பதிவுசெய்த ஒலி நிறுவனத்தின் சொத்தாகிவிடும், ஆல்பத்தை விற்பதா, கிடப்பில் போடுவதா என்பதை அதன்பின் குழு முடிவுசெய்ய இயலாது.

துரோகம் என்ற சொல்லின் கொடுமையை அனுபவித்த குழு ஜாபிரேக்கர். நியூயார்க்கில் மாணவர்களாக இருந்த பிளேக் ஷ்வார்ட்சன்பாக், கிறிஸ் பவர்மைஸ்டர், ஆடம் ஃபாலர் ஆகிய மூவரும் 1986-இல் தொடங்கிய இக்குழு, பின்னர் சான் ஃபிரான்சிஸ்கோவில் வேரூன்றியது. பாட்டெழுதிப் பாடிய பிளேக்கின் வரிகளில் ஒரு சிறுகதையாசிரியரின் நுட்பம் இருந்தது. தொண்டையில் மணலைக் கரைத்துப் பாடுவது போன்ற குரல். அந்தக் குரல்தான் அவருக்கு ஆபத்தாகவும் வந்தது. 1992-இல் ஐரோப்பியச் சுற்றுப்பயணத்தின் நடுவே தொண்டையில் வளர்ந்த கட்டியை அறுவை சிகிச்சை செய்து அகற்ற நேர்ந்தது. அதன் பிறகும் பயணத்தைத் தொடர்ந்தார்கள்.

1993 இலையுதிர் காலத்தில், பெரிய நிறுவனத்தின் ஒப்பந்தத்தில் இருந்த நிர்வாணா குழுவுக்கு முன்னால் சில இரவுகள் மேடையேறியதற்கே கண்டனம் எழுந்தது. பெரிய நிறுவனத்தில் சேரமாட்டோம் என்று பிளேக் மேடையிலிருந்தே சொல்ல வேண்டியிருந்தது. 1994 பிப்ரவரியில், அல்பினி பதிவுசெய்த அவர்களின் மூன்றாவது ஆல்பம் வெளிவந்தது. அதே மாதத்தில்தான், அதே வட்டாரத்தில் வளர்ந்த கிரீன் டே குழுவின் 'டூக்கி' ஆல்பம் ஒரு பெரிய நிறுவனத்தின் வழியாக வெளிவந்து கோடிக்கணக்கில் விற்கத் தொடங்கியது. பெரிய நிறுவனங்கள் அடுத்த கிரீன் டேயைத் தேடிப் புறப்பட்டன. 1995-இல் ஜாபிரேக்கர் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டது. மூன்று ஆல்பங்களுக்குப் பத்து லட்சம் டாலர் என்று செய்தி வந்தது. 'டியர் யூ' என்ற அந்த ஆல்பத்தில் ஒலி துல்லியமாக இருந்தது, சிகிச்சைக்குப் பின் மாறிய குரல் மென்மையாக இருந்தது. ரசிகர்களில் ஒரு பகுதியினர் அதை மன்னிக்கவில்லை. புதிய பாடல்களை வாசித்தபோது மேடைக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தவர்கள் உண்டு. ஆல்பம் எதிர்பார்த்தபடி விற்கவில்லை. உறுப்பினர்களுக்கு இடையே ஏற்கெனவே இருந்த கசப்பு முற்றி, 1996-இல் குழு உடைந்தது.

இதில் என் நிலைப்பாட்டைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். பெரிய நிறுவனங்களைப் பற்றிய ரசிகர்களின் ஐயம் நியாயமானது. ஆனால் அந்த ஐயத்துக்கான தண்டனையை மூன்று இசைக்கலைஞர்களின்மேல் சுமத்தியது அநியாயம். கூட்டத்துக்குள் உட்கார்ந்து முதுகைக் காட்டியவருக்கு அந்தக் குழுவின் வேன் செலவோ பாடகரின் மருத்துவச் செலவோ பொறுப்பல்ல. காலமும் அப்படித்தான் தீர்ப்பளித்தது. பல ஆண்டுகள் கழித்து 'டியர் யூ' அன்போடு கேட்கப்படும் ஆல்பமாக மாறியது. டிரம்மர் ஃபாலர் 2004-இல் தன் சொந்தச் சிறு நிறுவனத்தின் வழியாக அதை மறுபடி வெளியிட்டார். 2017-இல் சிகாகோவின் ரயட் ஃபெஸ்ட் விழாவில் மூவரும் மீண்டும் ஒரே மேடையில் வாசித்தார்கள், ஒரு காலத்தில் அவர்கள் கண்ட கூட்டத்தைவிடப் பல மடங்கு பெரிய கூட்டத்தின் முன்.

கேள்வி: சிறு நிறுவனம் என்றால் நேர்மையாக இருக்கும் என்று நம்பலாமா?

பதில்: நம்ப முடியாது. கிரீன் டேயின் தொடக்ககால ஆல்பங்களை வெளியிட்ட லுக்அவுட் நிறுவனத்தைச் சூழ்ந்திருந்த அன்பு பெரிது. ஆனால் ராயல்டி பாக்கி சேர்ந்ததால் 2005-இல் கிரீன் டே தன் ஆல்பங்களைத் திரும்ப எடுத்துக்கொண்டது. நிறுவனம் சில ஆண்டுகளில் மூடப்பட்டது. நட்பை நம்பிக் கணக்கு எழுதாமல் விட்டவர்கள் எத்தனையோ பேர். பேட் ரிலிஜனின் கிட்டாரிஸ்ட் பிரெட் குரேவிட்ஸ் நடத்திய எபிடாஃப் நிறுவனம் 1994-இல் வெளியிட்ட ஆஃப்ஸ்பிரிங் குழுவின் 'ஸ்மாஷ்' ஒரு கோடிக்கு மேல் விற்றது என்பதையும் மறக்க வேண்டாம். நிறுவனத்தின் அளவு நேர்மைக்குச் சான்று ஆகாது.

கேள்வி: இது அமெரிக்க, ஆங்கிலேய இளைஞர்களுக்கு மட்டுமே உரிய இசையா? ஆசியாவிலிருந்து யாரும் இல்லையா?

பதில்: டோக்கியோவில் 1991-இல் தொடங்கிய ஹை-ஸ்டாண்டர்ட் இருக்கிறது, எந்த அமெரிக்கக் குழுவுக்கும் இளைத்தது அல்ல. அகிஹிரோ நான்பா, கென் யோகோயாமா, அகிரா சுனேயோகா ஆகிய மூவர், பெரும்பாலும் ஆங்கிலத்தில் பாடினார்கள். 'மேக்கிங் தி ரோடு' ஆல்பத்தை 1999-இல் தங்கள் சொந்த நிறுவனமான 'பிட்ஸா ஆஃப் டெத்' வழியாக வெளியிட்டார்கள்; அது பல லட்சம் பிரதிகள் விற்றது. ஏர் ஜாம் என்ற விழாவையும் தாங்களே நடத்தினார்கள். அவ்வளவு உச்சத்தில், 2000-இல், குழு நின்றுபோனது. 2011-இல் ஜப்பானைத் தாக்கிய நிலநடுக்கத்துக்கும் சுனாமிக்கும் பிறகு, பாதிக்கப்பட்டவர்களுக்கு ஆதரவாக ஏர் ஜாமை மறுபடி நடத்தி ஒன்றுசேர்ந்தார்கள். 2016-இல் புதிய இசைத்தட்டை முன்னறிவிப்பே இல்லாமல் கடைகளில் கொண்டுபோய் வைத்தார்கள். கடைக்குப் போனவர் அதைக் கண்ணால் கண்டபோதுதான் செய்தியே தெரிந்தது. விளம்பரத்துக்குக் கோடிகளைக் கொட்டும் ஒரு தொழிலில் இப்படிச் செய்ய, ரசிகர்களின்மேல் எவ்வளவு நம்பிக்கை இருந்திருக்க வேண்டும். டிரம்மர் சுனேயோகா 2023 பிப்ரவரியில் காலமானார் என்பது இந்த இசையை நேசிப்பவர்களுக்கு ஆறாத இழப்பு.

கேள்வி: பதினெட்டு வயதில் எழுதிய பாடல்களை அறுபதை ஒட்டிய வயதில் பாடுவது பொய்யாகத் தோன்றவில்லையா?

பதில்: சில பாடல்கள் அப்படித் தோன்றலாம், சில பாடல்கள் பாடப்படவே கூடாதவை. டிசென்டென்ட்ஸின் முதல் ஆல்பத்திலேயே ஒருபாலின ஈர்ப்பினரை இழிவுபடுத்தும் ஒரு சொல் இடம்பெற்ற பாடல் உண்டு. பெண்களைப் பற்றிய சிறுபிள்ளைத்தனமான வரிகளும் அந்தக் காலப் பாடல்களில் உண்டு. எனக்கு மிகவும் பிடித்த குழு என்பதற்காக அவற்றுக்கு நான் வக்காலத்து வாங்கமாட்டேன். ஆனால் நிராகரிக்கப்பட்ட வலியைப் பாடும் பாடலுக்கு வயது ஒரு தடையல்ல. மேலும் இவர்கள் புதிய ஆல்பங்களில் தங்கள் வயதை மறைக்கவில்லை; உடல் தளர்வு, மருத்துவர் விதிக்கும் உணவுக் கட்டுப்பாடு, பெற்றோராக இருப்பது ஆகியவை அதே வேகத்தில் பாட்டாகின்றன. பேட் ரிலிஜன் பாடகர் கிரெக் கிராஃபின் சுற்றுப்பயணங்களுக்கு இடையே படித்து கார்னெல் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்று, பரிணாமவியல் கற்பித்தவர். அவருடைய பிற்காலப் பாடல்களில் அறிவியல் படித்தவரின் சொற்கள் இயல்பாக வருகின்றன. வாழ்க்கை பாடலுக்குள் வந்துகொண்டே இருக்கும்வரை வயதானவர் பாடுவதில் பொய் எதுவும் இல்லை.

கேள்வி: எதிலிருந்து கேட்கத் தொடங்குவது?

பதில்: டிசென்டென்ட்ஸின் 1982 ஆல்பத்தையும் 1996 ஆல்பத்தையும் அடுத்தடுத்துக் கேளுங்கள்; இரண்டும் சேர்ந்தே ஒரு மணி நேரத்துக்கு உள்ளேதான். அதன்பின் ஜாபிரேக்கரின் 1994 ஆல்பம், பாடல் வரிகளைக் கையில் வைத்துக்கொண்டு. இங்கிலாந்தின் சண்டர்லாண்டைச் சேர்ந்த லெதர்ஃபேஸ் குழு 1991-இல் வெளியிட்ட 'மஷ்' கொஞ்சம் முரடாகத் தோன்றும்; மூன்றாவது முறை கேட்கும்போது அதன் மெட்டுகள் பிடிபடும்.

கேள்வி: நானும் மூன்று நண்பர்களும் ஒரு குழு வைத்திருக்கிறோம். எங்கள் பாடகர் மேற்படிப்புக்காக வெளியூர் போகிறார். குழுவைக் கலைத்துவிடலாமா, வேறு பாடகரைத் தேடலாமா?

பதில்: இந்தக் கேள்விக்காகவே மைலோவின் கதையை மேலே விரிவாகச் சொன்னேன். அவசரப்பட்டுக் கலைக்க வேண்டாம். பாடகர் புறப்படுவதற்கு முன்பு, உங்களிடம் இருக்கும் பாடல்கள் அனைத்தையும் பதிவுசெய்துவிடுங்கள். ஒலித்தரம் சுமாராக இருந்தாலும் ஒவ்வொரு கருவியும் குரலும் தனித்தனித் தடத்தில் இருக்கட்டும். அந்தக் கோப்புகளின் பிரதி நால்வரிடமும் இருக்கட்டும். டிசென்டென்ட்ஸ் 2021-இல் வெளியிட்ட '9த் & வால்நட்' ஆல்பத்தை எண்ணிப் பாருங்கள். குழுவின் தொடக்ககாலப் பாடல்களின் இசையை நவெட்டாவும் லொம்பார்டோவும் ஸ்டீவன்சனும் 2002-இல் கூடிப் பதிவுசெய்து வைத்தார்கள். 2008-இல் நவெட்டா இறந்துவிட்டார். மைலோ தன் குரலைச் சேர்த்ததோ 2020-இல். தடங்கள் பத்திரமாக இருந்ததால் மட்டுமே அது முடிந்தது.

பாடகர் இல்லாத காலத்தில் நீங்கள் மூவரும் சேர்ந்து வாசிக்க விரும்பினால் வேறு பெயரில் வாசியுங்கள். பழைய பெயரை யார், எப்போது பயன்படுத்தலாம் என்பதையும், பாடல்களை எழுதியவர்கள் யார், வருமானம் வந்தால் எந்த விகிதத்தில் பங்கு என்பதையும் ஒரே தாளில் எழுதி நால்வரும் கையெழுத்திடுங்கள். நண்பர்களுக்குள் இதெல்லாம் எதற்கு என்று உங்களில் ஒருவர் நிச்சயம் சொல்வார். நட்பு நன்றாக இருக்கும்போதுதான் இத்தகைய தாளைச் சிரித்துக்கொண்டே எழுத முடியும் என்று அவரிடம் சொல்லி, பாடகர் ஊருக்குக் கிளம்பும் முன் அந்த வேலையை முடித்துவிடுங்கள்.